கேக் வேகும்வரை ஜெபம்

டிசம்பர் மாதத்தில் பேக்கரிக்காரர் வீட்டில் பக்தியோடு இருப்பது எப்படி என்று எந்தப் போதகரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. எப்படிப் பண்ணுவார்கள்? அவர்கள் வீட்டுக்கு அந்த மாதம் கேக் வரும். எங்கள் வீட்டுக்கு ஆர்டர் அல்லவா வரும்!

குன்னூர் கடைவீதியில் எங்கள் கடை. முன்னால் விற்பனை, பின்னால் செங்கல் அடுப்பு இருக்கிற பெரிய அறை, மாடியில் வீடு. என் கணவரின் அப்பா ஆரம்பித்த கடை அது. அவர் காலமான பிறகு கணவர் அடுப்புக்கு வந்தார், கல்யாணமாகி நான் அவருக்குப் பின்னாலேயே வந்தேன். அதுவரை கோயம்புத்தூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தவள் நான். டிசம்பர் பிறந்தாலே எனக்குத் தரையில் கால் பாவாது. கிறிஸ்து பிறக்கப்போகிறார் என்பதை யாரோ என் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போன மாதிரி திரிவேன். கல்யாணத்துக்குப் பிறகும் டிசம்பரில் கால் பாவவில்லைதான். நிற்க நேரம் இருந்தால்தானே!

அந்த ஊர் டிசம்பரில் கேக் தின்கிற அழகை என்னவென்று சொல்ல. எஸ்டேட் பங்களாக்காரர்கள் கேட்பார்கள். குளிரைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வருகிறவர்கள் கேட்பார்கள். சிலோனிலிருந்து திரும்பிவந்து எஸ்டேட்டில் வேலை பார்க்கும் குடும்பங்கள் பாண் வாங்க வந்து, அதாவது ரொட்டி வாங்க வந்து, கேக்குக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். எதிர்வரிசை ஜவுளிக்கடை அக்கா நெற்றி நிறைய விபூதியோடு வந்து, "ஏனுங்க, உங்க பண்டிகைன்னா எங்களுக்குப் பண்டிகை இல்லீங்களா?" என்று உரிமையாகக் கேட்பார். அது போதாதென்று, வீட்டிலேயே மாவு கலக்கி டின்னில் ஊற்றி, சால்வைக்குள் பிள்ளை மாதிரி பொத்தி எடுத்துவந்து எங்கள் அடுப்பில் சுட்டுக்கொண்டு போகிற வழக்கம் வேறு. டின்னைக் கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டார்கள். பக்கத்து வீட்டு டின்னோடு மாறிவிடுமாம்! அடுப்பறைக்குள்ளேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்து கதை பேசுவார்கள். வெளியே மூடுபனி, உள்ளே கதகதப்பு, ஜாதிக்காய் கிராம்பு வாசனை. யாருக்குத்தான் எழுந்துபோக மனசு வரும்?

இந்தக் கூத்தில் என் ஆண்டவர் எங்கே போனார் என்று எனக்கே தெரியவில்லை. மற்ற மாதங்களில் தினமும் குடும்ப ஜெபம் நடக்கும். டிசம்பர் வந்ததும் அது நின்றுவிடும். கிறிஸ்துமஸ் ஆராதனையில் போய் உட்கார்ந்தால் களைப்பில் தூங்கிவிடுவேன். சும்மா தூங்கினால் பரவாயில்லை, குறட்டை! ஒரு வருடம் போதகர் பிரசங்கத்தை ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார் என்று பிறகு சொன்னார்கள். சரி, குறட்டைகூட மானக்கேடு மட்டும்தான். அதற்கடுத்த டிசம்பரில் ஒரு காலையில் எழுந்து கைகூப்பிக் கண்ணை மூடி, "ஆண்டவரே" என்று ஆரம்பித்தவள், "முட்டை வந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அவருடைய பிறந்தநாள் வருகிறது, அவரிடம் பேச எனக்கு முட்டையைத் தவிர ஒன்றுமே இல்லையே! பாடகர் குழுவில் நின்ற அந்தப் பெண் எங்கே போனாள்? அன்றைக்கு யாருக்கும் தெரியாமல் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் ஏதாவது ஒன்று நடந்தே தீரும்.

மாவு பிசைந்துகொண்டிருந்த கணவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க, இந்த மாசமும் ஊட்டுல ஜெபம் நடக்கோணும்."

"ஜெபமா? இப்பவா? கிறிஸ்துமஸ் முடியட்டும், ஜனவரில பண்ணிக்கலாம் புள்ள."

"ஜனவரிலயா? அவரு பொறக்கறது டிசம்பர்லீங்க!"

"அவருக்கு நம்ம கடை தெரியும்," என்றார் அவர். மனிதர் நல்லவர்தான். ஆனால் வாய்விட்டு ஜெபம் பண்ணி நான் கேட்டதே கிடையாது. குடும்ப ஜெபத்தில் அவருடைய பங்கு கடைசியில் வருகிற ஆமென் மட்டும்தான்.

நான் விடவில்லை. நேரம்தானே பிரச்சினை? அடுப்புக்குள் தட்டு வெந்துகொண்டிருக்கும்போது நாம் சும்மாதானே நிற்கிறோம்? தட்டை உள்ளே வைத்ததும் ஜெபத்தை ஆரம்பிப்போம், ஆமென் சொன்னதும் வெளியே எடுப்போம், ஒரு நிமிஷம்கூட வீணாகாது என்று மடமடவென்று சொன்னேன். அவர் பிசைவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி. ஆனா ஒரே ஒரு தட்டு தீஞ்சுதுன்னாலும் ஜெபம் ஜனவரிக்குத்தான். கிறிஸ்துமஸ் அன்னிக்குக்கூடக் கேக்கப்படாது."

"கேக்கமாட்டேன்," என்றேன்.

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அது என் மாமியார். அத்தை ஆள் எலும்பும் தோலுமாக இருந்தாலும் குரல் வெண்கலம். அதைவிட முக்கியம், அவர் ஜெபம் ஒரு நாளும் மாறாது. ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களில் ஆரம்பித்து, விதவைகள், திக்கற்ற பிள்ளைகள், நாட்டை ஆளுகிறவர்கள், கடலில் கப்பலேறிப் போகிறவர்கள் என்று வரிசையாகப் போய், கடைசியில் சொந்தக்காரர்களில் வந்து முடியும். பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று தெரிகிற மாதிரி அவர் ஜெபம் எங்கே நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். முதல் நாள் பன் தட்டை உள்ளே வைத்தோம். அத்தை முழங்காலிட்டார். சொந்தக்காரர்கள் முடிந்து ஆமென் சொன்னதும் கணவர் தட்டை வெளியே இழுத்தார். ஐயோ, அந்தப் பன்னின் நிறத்தைப் பார்க்கவேண்டுமே! தங்கம்!

அப்புறம் எங்களைப் பிடிக்கவா முடியும்? பன்னுக்கு அத்தையின் ஜெபம் ஒரு தடவை. மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டுக்கு ஜெபத்தோடு ஒரு பாட்டு. பிளம் கேக்குக்கு ஜெபம், பாட்டுகள், பிறகு ஆளாளுக்கு அந்த வருடத்தில் நடந்த நன்மைகளைச் சொல்லி ஸ்தோத்திரம். கப்பலேறிப் போகிறவர்களிடம் அத்தை வந்துவிட்டால் தட்டைத் திருப்பிவைக்கிற நேரம் என்று அர்த்தம். கணவர் கண்ணை மூடியபடியே எழுந்துபோய்த் திருப்பிவைத்துவிட்டு வருவார். கடையில் நிற்கிறவர்களும் கற்றுக்கொண்டார்கள். ஜவுளிக்கடை அக்கா உள்ளே தலையை நீட்டி மெதுவாகக் கேட்பார்:

"ஏனுங்க, அத்தை இப்ப எங்க இருக்கறாங்க? ஆஸ்பத்திரியா, கப்பலா?"

"மந்திரிங்ககிட்ட வந்துட்டாங்கக்கா."

"அப்பச் சித்த நேரம் ஆகும். நான் காய் வாங்கீட்டு வந்தர்றேன்."

எனக்குப் பழைய துள்ளல் திரும்பிவிட்டது. பன் விற்றுக்கொண்டே பாடினேன். மாவு சலித்துக்கொண்டே ஜெபித்தேன். ஜெபத்தில் இப்போதும் முட்டை வந்தது, ஆனால் முட்டை கொண்டுவருகிற ஆளின் மனைவிக்குச் சுகமில்லை என்பதும் கூடவே வந்தது. அடுப்பைச் சுற்றி நாங்கள் முழங்காலிட்டால் பெஞ்சில் இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை, அவர்களாகவே நிறுத்தினார்கள்.

ஒரே ஒரு நாள் உயிர் போய் உயிர் வந்தது. அத்தையின் தங்கை மகனுக்கு நிச்சயமாகியிருந்தது. சொந்தக்காரர்கள் பகுதியில் அத்தை சம்பந்தி வீட்டாரையும் சேர்த்துக்கொண்டார். அது என்ன சின்னக் குடும்பமா? பெண்ணின் சித்தப்பாக்களே ஒரு பஸ்ஸுக்கு வருவார்கள்! ஆமென் வந்தபோது பன் எல்லாம் காப்பிக்கொட்டை நிறம். கணவர் ஒரு பன்னை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"தீஞ்சிருச்சு."

"செவந்திருக்குதுங்க," என்றேன்.

"இதுக்குப் பேரு செவப்பா?"

"உங்க அப்பா காலத்துல பன்னு இந்த நெறத்துலதான் இருக்குமாம். அத்தையக் கேளுங்க."

அத்தை அசராமல் தலையாட்டினார். ஜெபித்த வாய் ஈரம் காயுமுன்னே அப்படியொரு சாட்சி! பெஞ்சிலிருந்த சிலோன் தாத்தா ஒன்றை வாங்கி டீயில் முக்கித் தின்றுவிட்டு, "நல்லாத்தானே இருக்குது தம்பி," என்று தீர்ப்புச் சொன்னார். கணவர் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார். சம்பந்தி வீட்டாருக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தனியாக ஜெபித்துக்கொள்ளும்படி அத்தையைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. விடிந்ததும் அத்தை வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கேரல் பாடுகிறோம் என்று சர்ச் பெண்களோடு பனியில் எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்ததில் வெண்கலக் குரல் முழுக்கப் போய்விட்டது. மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு, வெந்நீரில் உப்பு, எல்லாம் கொடுத்தாயிற்று. ஊஹூம். உதடு மட்டும் அசைகிறது.

காலைப் பன்னுக்கு நானே ஜெபித்தேன். என் ஜெபம் தந்தி மாதிரி. சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆமென் என்றேன். தட்டை எடுத்தால் பன் வெள்ளை வெளேரென்று விழிக்கிறது. "இதென்ன, காய்ச்சல் வந்த பன்னாட்ட இருக்குது?" என்று ஜவுளிக்கடை அக்கா சிரித்த சிரிப்பில் கடையே சிரித்தது. மறுபடி உள்ளே தள்ளி ஒப்பேற்றினோம். ஒன்றும் தீயவில்லை, அதனால் பந்தயம் இன்னும் என் பக்கம்தான்.

பிற்பகலில் சர்ச் கேக் அடுப்புக்குப் போகவேண்டும். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வெளியே வருகிற அத்தனை பேருக்கும் டீயோடு ஒரு துண்டு கேக், அது மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் காணிக்கை. வேறெது போனாலும் அது போகக்கூடாது. மழை பிடித்துக்கொண்டதால் அடுப்பறை நிறையக் கூட்டம். டின் கொண்டுவந்தவர்கள் எல்லாம் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, சர்ச் கேக் வெந்து வெளியே வந்தால் தங்கள் முறை என்று காத்திருந்தார்கள். கணவர் ஆணியில் மாட்டியிருந்த கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு இதப் பாத்துக்கலாம் புள்ள. அம்மாவுக்கும் முடியல. உனக்கும் வரல."

அவர் சொன்னது நியாயம்தான். அதனாலேயே எனக்கு அழுகை முட்டியது. பண்டிகைக்கு முந்தின நாளில் கொண்டுவந்து தோற்கவா இத்தனை நாள் ஓட்டினேன்? அப்போது அத்தை எழுந்தார். குரல் இல்லாத அத்தை, தன் மகனின் தோளைத் தொட்டார், தரையைக் காட்டினார். மண்டிபோடு என்று அர்த்தம்.

"நானா? எனக்கு வராதும்மா."

அத்தை விரலை எடுக்கவே இல்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கணவர் தட்டுகளை உள்ளே தள்ளி அடுப்பை மூடினார், கையைத் துடைத்தார், முழங்காலிட்டார். நாங்களும் முழங்காலிட்டோம்.

விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆண்டவரே," என்றார் கடைசியில். "எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதுங்க. அம்மா பண்றாப்பல வராதுங்க. வெறகு ஈரமா இருக்குது. அத மொதல்ல பாத்துக்கங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் அதோடு நிறுத்திவிட்டார். முடிந்தது என்றுதான் நினைத்தேன். அத்தை முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

"அப்புறம் இந்த ஜவுளிக்கடை அக்கா. வருசா வருசம் முட்டை போடாத கேக்குத்தான் கேப்பாங்க. மாமியாருக்குன்னு சொல்லுவாங்க. அந்தப் பெரியம்மா போன வருசம் தவறிட்டாங்க. இந்த வருசமும் அக்கா முட்டை போடாததுதான் கேட்டாங்க. நான் ஒன்னும் கேட்டுக்கலீங்க. நீங்க கேட்டுக்கங்க."

பின்னால் ஜவுளிக்கடை அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சிலோன் தாத்தாவுக்குப் பல்லு இல்ல. நான் ஓரம் வெட்டித்தான் குடுக்கறேன். அவரு மகன் அங்கயே நின்னுட்டானுங்க. கிறிஸ்துமஸுக்கு வருவான் வருவான்னு சொல்லீட்டிருக்கறாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க. சோலூர்க்காரரு ஒருத்தரு, உருளைக்கெழங்கு எல்லாம் பனில கருகிப்போயி, இந்த வருசம் கேக்கு வேண்டாம்னுட்டாரு. ஊட்டுல கொழந்தைங்க இருக்குதுங்க. நான் எடுத்து வெச்சிருக்கறேன். வாங்கிக்கறதுக்கு அவருக்கு மனசு குடுங்க."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். என் கணவரா இது? ஆர்டர் எடுக்கும்போது நிமிர்ந்துகூடப் பார்க்காத மனிதர், ஒவ்வொருவர் வாங்குகிற கேக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இத்தனை வருடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். அழுகிறவர்கள் அழுதார்கள். எனக்கோ நெஞ்சுக்குள் மத்தாப்பு கொளுத்தின மாதிரி ஒரே குதூகலம்.

அப்போதுதான் வாசனை வந்தது. அடுப்புக்காரன் பெண்டாட்டிக்கு அது தெரியாமல் போகுமா? வெந்த வாசனை. எடுத்தே ஆகவேண்டும். நான் ஒரு ஆமென் சொன்னால் போதும், எழுந்துவிடுவார். சர்ச் கேக் தப்பும், பந்தயம் தப்பும், கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் ஜெபம் இருக்கும். வாயைத் திறந்தேன்.

"அப்புறம் என்ற ஊட்டுக்காரி," என்றார் அவர்.

வாயை மூடிக்கொண்டேன்.

"இவ டிசம்பர்ல அழுவறாளுங்க. மாவு மூட்டை மறைவுல நின்னு அழுவறா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கறா. உங்களுக்குப் பாடிட்டிருந்த புள்ளையக் கூட்டியாந்து பன்னு எண்ண உட்டுட்டேன். அவளுக்கு உங்களத் திருப்பிக் குடுத்துருங்க. எனக்கு வேற ஒன்னும் வேண்டாங்க."

இனிப்பு வாசனை கசப்பாக மாறியது. அடுப்பு இடுக்கில் புகை கிளம்பியது. அத்தை என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன். இருவரும் அசையவில்லை. எரியட்டும்! அந்த நிமிஷத்தில் கடையே எரிந்தாலும் நான் அவரை நிறுத்தியிருக்கமாட்டேன். அவர் இன்னும் பேசினார், அவருடைய அப்பாவைப் பற்றி, அம்மாவின் குரலைப் பற்றி. ஆமென் வந்தபோது கூட்டம் முழுவதும் இருமிக்கொண்டே ஆமென் சொன்னது. விபூதி வைத்தவர்களும் சேர்ந்துதான் சொன்னார்கள்.

கணவர் பாய்ந்துபோய் அடுப்பைத் திறந்தார். தட்டில் இருந்ததைக் கேக் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடுப்புக்கரி. செவந்திருக்கிறது என்று வாதாட எனக்கே வாய் வரவில்லை.

"உனக்கு மூக்கு இல்லியா புள்ள?"

"இருக்குதுங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க என்கிட்ட வந்துட்டிருந்தீங்க."

அவர் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், புகைக்குத்தான் என்பதுபோல. பந்தயம் எல்லோருக்கும் தெரியும். நான் தோற்றுவிட்டேன், அதுவும் நன்றாகத் தெரியும்.

"சர்ச்சுக்கு மறுபடி கலக்கோணும்," என்றார். "பழம் ஊற வெச்சது இன்னும் இருக்குது. அதுவரைக்கும் அடுப்பு எதுக்குச் சும்மா இருக்கோணும்? டின்னுங்களக் குடுங்க."

எல்லோரும் அவரவர் டின்னைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள்! சிலோன் தாத்தாதான் முதலில் எழுந்து டின்னை நீட்டினார். "என்டதை வையுங்க தம்பி," என்றார். "ஜெபத்தோடயே வையுங்க." பிறகு ஒவ்வொருவராக நீட்டினார்கள்.

கணவர் டின்களை உள்ளே அடுக்கி அடுப்பை மூடினார். ஆணியிலிருந்த கடிகாரத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"நீ கண்ணை மூடாத. மணியப் பாத்துட்டே இரு. வெந்ததும் என்ற தோளத் தட்டு. நான் இன்னும் பாதிப் பேரச் சொல்லல."

முழங்காலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன், மாவு அப்பிய அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு. முள்ளை நான் எங்கே பார்த்தேன்? அத்தைதான் என் கையிலிருந்து கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டார்.